டெல்மரின் காய்த்த கை

அந்தப் பாட்டை வெல்டா முதன்முதலாகக் கேட்டது தீவனக் கடையில், ஐம்பது பவுண்டு மூட்டை தோளில் இருந்தபோது. "ஏய் வெல்டா, ஒன் தம்பி பாட்டு வருது பாரு!" என்று கடைக்காரன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான். மூட்டையை இறக்காமலே நின்று அவள் முழுப் பாட்டையும் கேட்டாள்.

நாலு மணிக்கு எழுந்தோம், நானும் என் அப்பாவும்,
யாரிடமும் கையேந்தி நின்றதில்லை ஒருநாளும்.
மழை கறுத்தால் ஓடி வருவான் பக்கத்து வீட்டுக்காரன்,
புல்லை ஏற்றிவிட்டுத்தான் தண்ணீர் கேட்பான்.

பாட்டின் பெயர் 'காய்த்த கை'. அதைக் கேட்டு அழாத ஆண்பிள்ளை கென்டக்கியிலும் இல்லை, டென்னசியிலும் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். வெல்டாவுக்கும் கண்ணில் நீர் வந்தது. சிரிப்பை அடக்கினால் அவளுக்கு அப்படித்தான் வரும்.

தம்பி டெல்மருக்குப் புல் ஆகாது. அறுத்த புல்லுக்கு இருபதடி தூரத்தில் நின்றாலே தும்மித் தும்மி முகம் வீங்கிவிடும். அம்மா அவனை வீட்டுக்குள் கிட்டாரோடு உட்கார வைத்துவிட்டு, பதினொரு வயது வெல்டாவை அப்பாவோடு வயலுக்கு அனுப்பினாள். பத்தொன்பது வயதில் அவன் பாட்டுக்காரர்கள் எல்லாம் கூடும் நாஷ்வில்லுக்குப் போய் கோல்ட்டன் என்று பேர் மாற்றிக்கொண்டான். பாட்டையாவது சொந்தமாக எழுதினானா என்றால் அதுவும் இல்லை. ஒரு அலுவலக அறையில் காலை பதினொரு மணிக்கு மூன்று பேர் கூடி, மதியச் சாப்பாடு வருவதற்குள் எழுதி முடித்தார்கள். அதில் ஒருத்தன் பிறந்ததிலிருந்து கடற்கரையைத் தவிர வேறெதையும் பார்க்காதவன். இதை டெல்மரே கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது பெருமையாகச் சொன்னான்.

பாட்டில் அப்பா உண்டு, அம்மா உண்டு, பழைய பிக்கப் வண்டி உண்டு. நாய்க்குக்கூட ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். அக்கா மட்டும் இல்லை.

அது கிடக்கட்டும் என்றுதான் வெல்டா இருந்தாள். அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. நாற்பத்தோரு மாடுகள் இருந்தன. இடுப்பு உடைந்த பிறகு பதினொரு வருஷமாகத் தானே காலுறைகூட மாட்டிக்கொள்ளாத அப்பா ஹோபார்ட் இருந்தார். அவருக்கு எண்பத்து மூன்று வயது. இடுப்புதான் போயிற்று, மூளையும் நாக்கும் நன்றாகவே வேலை செய்தன. தம்பியின் பாட்டுக்குக் கோபப்பட அவளுக்கு நேரம் ஏது?

கோடையில் டெல்மர் போன் செய்தான். பாட்டைப் படமாக எடுக்கப் போகிறார்களாம், அதுவும் சொந்தப் பண்ணையிலேயே எடுக்க வேண்டுமாம். நிலம் இன்னும் ஹோபார்ட்டின் பேரில்தான் இருந்தது. கிழவர் கேட்ட மாத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அதே வாரம் வெல்டாவின் மகளுக்கு லூயிவில்லில் பிரசவம். "நான் அப்பாவைப் பாத்துக்கறேங்க்கா, நீ போயிட்டு வா" என்றான் டெல்மர். பதினொரு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுவே முதல் தடவை. அவளும் நம்பிப் போனாள்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து கொட்டகைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குளிர்காலம் முழுக்க மாடுகளுக்கு வேண்டிய உலர்ந்த புல்கட்டுகளை அவள் ஒரு பக்கமாகக் கூரைவரை அடுக்கி வைத்திருந்தாள். அதை ஒட்டி, மார்போடு மார்பு அணைத்தாற்போல், இருநூறு புதுக் கட்டுகள் பச்சைப்பசேலென்று நின்றன. கைவிட்டுப் பார்த்தாள். கீரைக்கட்டு போல ஈரமாக இருந்தது.

வெளியே நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான் டெல்மர்.

"எப்படா அறுத்தீங்க?"

"நேத்துக் காலையில."

"கட்டினது?"

"நேத்துச் சாயங்காலம். ஏன்?"

"அறுத்த புல்லு மூணு நாள் வெயில்ல காயணும்டா. ஈரத்தோட கட்டி அடுக்கினா உள்ளுக்குள்ளயே வெந்து தானாத் தீப்பிடிக்கும். பால்குடி மறக்காத கொழந்தைக்குத் தெரியும் இது. நீ இதைத்தானடா பாட்டாப் பாடிக்கிட்டு அலையற?"

படம் எடுக்க வந்த டைரக்டர் ஸ்பென்சர் குறுக்கே வந்தான். ஒல்லியான ஆள், கழுத்தில் இரண்டு கண்ணாடி தொங்கின. "மேடம், ஒங்க புல்லு பழுப்பா இருக்கு. படத்துல செத்த மாதிரி தெரியும். எங்களுக்கு உயிரோட்டம் வேணும்."

"உயிரோட்டம் வேணும்னா வயல்ல போய் எடு. எதுக்கு என் கொட்டகையில கொண்டு வந்து அடுக்கினே?"

"அப்பாதான் பரவாயில்லைன்னாரு" என்றான் டெல்மர், அதோடு விஷயம் முடிந்தது என்பதுபோல.

உண்மைதான். ஹோபார்ட்டைப் பேட்டி எடுத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே கேமராவை வைத்து, ஈரப்புல்லை அடுக்கலாமா என்று கேட்டபோது, ஐம்பது வருஷம் விவசாயம் பார்த்த மனிதர் ஒரு கணம் யோசித்தாராம். பிறகு எதிரே இருந்தவர்கள் எதைக் கேட்க ஆசைப்படுகிறார்கள் என்று புரிந்துகொண்டு, "எங்க காலத்துல உப்பைத் தூவி அடுக்குவோம், ஒண்ணும் ஆகாது" என்று கணீரென்று சொன்னார். கட்டாமல் உதிரியாகப் போட்ட, லேசாக நமுத்த புல்லுக்கு உப்புத் தூவுவார்கள்தான். சொட்டச் சொட்ட இறுக்கிக் கட்டிய புல்லுக்கு உப்புத் தூவுவதும் பிணத்துக்கு மருந்து தடவுவதும் ஒன்று. ஆனால் ஸ்பென்சருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நாலு மூட்டை உப்பு வாங்கி வந்து, அந்தி வெளிச்சத்தில் டெல்மரின் கையால் தூவ வைத்துப் படம் எடுத்தார்கள். முகமூடி போட்டுக்கொள்ளாமல் நிற்க அவனுக்கு இரண்டு ஊசி போட வேண்டியிருந்தது.

"இப்பவே எல்லாத்தையும் வெளிய இழுத்துப் போடு" என்றாள் வெல்டா.

"சனிக்கிழமை வரைக்கும்க்கா. மூணே நாள். ஊரே வருது. கொட்டகைக்குள்ளதான் கடைசிக் காட்சி. அப்பா கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்காரு, இப்ப கலைச்சா நஷ்டஈடு கேப்பாங்க. நெலம்தான் போகும்."

வெல்டா உள்ளே போய் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் ஒரு நீளக் கம்பியைப் பச்சைப் புல்லுக்குள் செருகி வைத்தாள். கால் மணி நேரம் கழித்து உருவி, உள்ளங்கையால் பிடித்துப் பார்ப்பாள். புதன்கிழமை கம்பி வெதுவெதுப்பாக இருந்தது. வியாழக்கிழமை சூடாக இருந்தது. வெள்ளிக்கிழமை பத்து எண்ணும்வரை பிடிக்க முடிந்தது. தன்னுடைய கட்டுகளையாவது நகர்த்தலாம் என்று பார்த்தால், அவற்றுக்கு முன்னால் விளக்குகளையும் ஒயர்களையும் பரப்பி வைத்திருந்தார்கள். அந்தப் புல் போனால் மார்கழிக் குளிரில் மாடுகளை விற்பதைத் தவிர வழியில்லை. கொட்டகையும் சேர்ந்து போனால் அவளிடம் மிஞ்சுவது அப்பாவின் காலுறைதான்.

சனிக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் ஊர் வந்துவிட்டது. பொரித்த கோழி, அவித்த முட்டை, வாழைப்பழப் புட்டிங் என்று பெண்கள் தட்டுத் தட்டாகக் கொண்டு வந்தார்கள். ஆண்கள் ஏசி போட்ட புது பிக்கப்புகளில் வந்து இறங்கினார்கள். அவர்கள் போட்டிருந்த சட்டைகள் ஸ்பென்சருக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெண் ஆளுக்கொரு பழைய ஓவரால், தோளில் பட்டி மாட்டும் வயல்வேலை உடுப்பு, எடுத்துக் கொடுத்தாள். இன்னொருத்தி தெளிப்பானில் பழுப்புநிறத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் முழங்காலிலும் அழுக்கு அடித்தாள். சொந்தமாக இருநூறு ஏக்கர் வைத்திருந்த ஆர்வில் காஃபி, கன்னத்தில் மண் பூசிவிடும்போது கண்ணை மூடிக்கொண்டு கல்யாணப் பெண் போல நின்றார். அவர் தேவாலயத்தில் மூப்பர், ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்குத் தலைவர். படத்தில் அழகாக இருக்கும் என்று தீயணைப்பு வண்டியையும் துடைத்துக் கொண்டுவந்து வேலிப் பக்கம் நிறுத்தியிருந்தார்.

கொட்டகை வாசலில் வாடகைக்கு எடுத்து வந்த பழங்காலப் பிக்கப் ஒன்று பளபளத்தது. வாசலுக்கு வெளியே போட்டிருந்த நாற்காலிகளில் முதல் வரிசையில் ஹோபார்ட்டைப் போர்வை போர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். டெல்மர் இன்னும் இரண்டு ஊசி போட்டுக்கொண்டு, கிட்டாரோடு புல்கட்டின்மேல் ஏறி நின்றான்.

வெல்டா கம்பியை உருவினாள். தொட்ட கையை உடனே எடுத்துவிட்டாள். அப்போதுதான் வாசனை வந்தது. இலையுதிர்காலத்தில் சோளப்பாகு காய்ச்சும்போது அடிபிடித்தால் வருமே, அந்த இனிப்பும் கருகலும் கலந்த வாசனை. அந்தப் பக்கத்து விவசாயி எவனும் அதை முகர்ந்தால் தூக்கத்திலிருந்தும் எழுந்து ஓடுவான். அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அறுபது மூக்கும் ஒரே நேரத்தில் நிமிர்ந்ததை அவள் பார்த்தாள். பிறகு அறுபது முகமும் மறுபடி கேமரா பக்கம் திரும்பியதையும் பார்த்தாள்.

"ஆர்வில், எந்திரிங்க. புல்லு வெந்துருச்சு."

ஆர்வில் உதட்டை அசைக்காமல் பேசினார். "தெரியுது வெல்டா. இந்தப் பாட்டு முடியட்டும். நாலு நிமிஷம்தானே? தாங்கும்."

"தாங்காது. ஒங்களுக்கே தெரியும்."

"என்னை இப்பத்தான் முன்வரிசையில போட்டாங்க. எந்திரிச்சா வேற ஆளை உக்கார வெச்சுருவாங்கம்மா" என்றார் அவர், கெஞ்சும் குரலில்.

மழை கறுத்தால் ஓடி வருவான் பக்கத்து வீட்டுக்காரன் என்று டெல்மர் பாட ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் கண்கலங்கித் தலையாட்டினார்கள்.

வெல்டாவுக்குப் பயத்தைவிட அருவருப்புதான் அதிகம். கையுறையை மாட்டிக்கொண்டு அடுக்கின் பின்பக்கமாக ஏறி முதல் கட்டைத் தூக்கி வாசல் பக்கம் எறிந்தாள். ஈரக் கட்டு எண்பது பவுண்டாவது இருக்கும். இரண்டாவதை எறிந்தாள். மூன்றாவதில் ஆவி கிளம்பியது.

"கட்! யாரது? பெரியம்மாவை எறக்குங்க!" என்றான் ஸ்பென்சர்.

"அக்கா, மானத்தை வாங்காதே!" என்றான் டெல்மர்.

"அந்த வண்டியை வாசல்லேருந்து எடுக்கச் சொல்லு. வெந்த கட்டு காத்துப் பட்டா எரியும்."

"வண்டியை நகத்த முடியாது மேடம், அதுக்கேத்த மாதிரி லைட்டெல்லாம் வெச்சாச்சு!"

மூன்று தடவை சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டு எறிந்தாள். உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் அரைகுறையாக எழுந்து, யாராவது முதலில் போகட்டும் என்று பார்த்து, மறுபடி உட்கார்ந்தார்கள். எழுந்து வந்தது ஒரே ஒரு ஆள். ஒலிப்பதிவு செய்ய வந்த மில்ட்டன். மெம்ஃபிஸ் நகரத்துக்காரன், நல்ல பருமன், பசுவைப் பார்த்தாலே பத்தடி தள்ளிப் போகிறவன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றான்.

"எனக்கு இதைப்பத்தி ஒரு மண்ணும் தெரியாதும்மா. எதைத் தூக்கணும்னு சொல்லுங்க."

"நான் எறியறதை இழுத்துக்கிட்டு போய் தூரப் போடு. புகை வந்தா கிட்ட நிக்காதே."

முக்கால் மணி நேரம் அவர்கள் இரண்டு பேருமாகத் தள்ளினார்கள். மில்ட்டனுக்கு மூச்சு இரைத்தது, உள்ளங்கை பிய்ந்தது, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே இழுத்தான். ஸ்பென்சர் முதலில் கத்திப் பார்த்தான். பிறகு ஆவி பறக்கும் கட்டுகளில் சாயங்கால வெளிச்சம் விழுவதைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. "அந்தக் கையை எடு. கையை மட்டும். மூஞ்சி வேண்டாம்" என்று கேமராக்காரனிடம் சொன்னான்.

அடுக்கின் நடுவிலிருந்து வந்த கட்டு கறுத்திருந்தது. அவள் அதை எறிந்து, அது வாசலில் விழுந்து உடைந்ததும், குப்பென்று தீ பிடித்தது. மில்ட்டன் துள்ளி விலகினான். தீ வாடகைப் பிக்கப்பின் மரப்பலகையில் தொற்றியது.

இப்போது எழுந்தார்கள் பாருங்கள்! அறுபது பேரும் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கொட்டகைக்குள் ஒருவரும் வரவில்லை, எல்லோரும் பிக்கப்பைக் காப்பாற்றத்தான் ஓடினார்கள். ஆர்வில் ஓவராலோடு தாவித் தீயணைப்பு வண்டியின் குழாயைப் பிடித்து, கேமரா எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு பிக்கப்பை நனைத்தார். உள்ளே வெல்டா இன்னும் ஏழு கட்டுகளைத் தனியாக எறிந்தாள். அதற்குமேல் வந்தவை வெறும் ஈரமாக இருந்தன. அவளுடைய சொந்தக் கட்டுகளில் கையை நுழைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மில்ட்டன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஊர்க்காரர்கள் புட்டிங்கைப் பங்கிட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்டோபரில் படம் வந்தது. தீவனக் கடையில் கூட்டமாக நின்று பார்த்தார்கள். டெல்மர் பாடுகிறான், கிழவர் முறுவலிக்கிறார், ஊர் கண்கலங்குகிறது. நடுவே ஆவிக்குள்ளிருந்து இரண்டு பெரிய கைகள் வந்து வந்து கட்டுகளைத் தூக்கி எறிகின்றன. அடுத்த நொடியே வியர்வை வழியும் டெல்மரின் முகம். அந்த வியர்வையும் தெளிப்பானிலிருந்து வந்ததுதான்.

"ஒன் தம்பி எம்புட்டு ஒசந்தாலும் வேலையை மறக்கலை பாத்தியா!" என்றார் ஆர்வில் வெல்டாவிடம். நேருக்கு நேர், கண்ணைப் பார்த்து, கூசாமல் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. மூன்று மாதத்தில் அவர் படத்தையே நம்பிவிட்டார்.

அப்பாவாவது என்று ஒரு சின்ன நம்பிக்கை அவளுக்கு இருந்தது. வீட்டுக்கு வந்தபோது ஹோபார்ட் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னமா உழைக்கறான் பையன்" என்றார்.

"அப்பா, நீங்க பத்தடி தூரத்துல உக்காந்திருந்தீங்க. அது யார் கை?"

கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மறதியோ குழப்பமோ அந்தக் கண்ணில் இல்லை.

"ஒன் கைதான். அதுக்கு என்ன இப்ப? ஒன்னை வெச்சு எவன்டி பாட்டு எழுதுவான்?"

சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

வலித்தது. வயலில் உழைத்த நாற்பத்தெட்டு வருஷமும் மொத்தமாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தாற்போல வலித்தது. அவள் அவருக்குச் சாப்பாடு போட்டாள், மாத்திரை கொடுத்தாள், காலுறையைக் கழற்றிவிட்டாள். பிறகு அவருடைய சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை, "டெல்மர் வீட்டுக்குப் போறோம்" என்றதும் ஹோபார்ட்டுக்கு ஒரே சந்தோஷம். நல்ல தொப்பியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். நாஷ்வில் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. வழி முழுக்க, பத்திரிகைக்காரர்கள் வந்தால் என்ன சொல்லவேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தார்.

டெல்மரின் வீட்டு வாசல்படியில் அலங்காரத்துக்காக ஒரு வைக்கோல் கட்டும் நாலு பூசணிக்காயும் வைத்திருந்தார்கள். அவனுக்குத் தும்மல் வராதபடி கட்டின்மேல் பிளாஸ்டிக் சுற்றியிருந்தது. தூக்கக் கலக்கத்தோடு பட்டு அங்கியில் வந்து கதவைத் திறந்தவன், அப்பாவைக் கண்டதும் பழக்கதோஷத்தில் சிரித்தான். பின்னால் நடைவண்டி, கழிப்பறை நாற்காலி, இரண்டு பெட்டி, மாத்திரை டப்பா எல்லாம் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, மஞ்சள் மாத்திரை அப்பறம்" என்றாள் வெல்டா. "வலது கால்ல முதல்ல காலுறை மாட்டணும், இல்லேன்னா கத்துவாரு. ராத்திரி ரெண்டு தடவை எழுப்புவாரு. குளிப்பாட்டறப்ப இடுப்பைப் பிடிச்சுக்க, விட்டுராதே."

"அக்கா, என்னக்கா இது? எத்தனை நாளைக்கு?"

"பாட்டு ஓடற வரைக்கும்."

அவள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பின்னால் ஹோபார்ட், தன்னை உள்ளே தூக்கிக்கொண்டு போகும்படி மகனை அதட்டிக்கொண்டிருந்தார்.